முத்துச்சிப்பியின் பகைவரைத் தேடியவர்: ஜேம்ஸ் ஹார்னெல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

தென்பாண்டிக் கடற்கரையில் பிறந்தவர்க்கு முத்து என்ற சொல் புதியதன்று. கொற்கை முத்தின் பெருமையைச் சங்கப் புலவர் பாடினர். யவன நாட்டார் அதனை விலை கொடுத்து வாங்கிச் சென்றனர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, காயில் என்னும் துறைமுகத்தின் செல்வச் செழிப்பை எழுதிவைத்துச் சென்றார். அந்தக் காயில் பழையகாயலா, காயல்பட்டினமா என்று அறிஞர் பெருமக்கள் வாதிடுவதுண்டு. எங்கள் ஊராருக்கு அதில் ஐயமே கிடையாது!

இவையெல்லாம் பள்ளியிலேயே நமக்குச் சொல்லித் தரப்பட்டன. ஆனால் முத்துச்சிப்பி கடலடியில் எப்படி வாழ்கிறது, அதனைத் தின்பவர் யார், ஓராண்டில் கோடிக்கணக்கில் கிடந்த சிப்பிகள் மறு ஆண்டில் எங்கே போய் மறைகின்றன என்னும் கேள்விகளைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவரைப் பற்றி நான் படித்த பாடநூல் எதிலும் ஒரு வரிகூட இல்லை. அவர்தாம் ஜேம்ஸ் ஹார்னெல். கடலுயிரியல் நூலகங்களில் அவர் பெயர் நன்கு அறியப்பட்டது. அவர் ஆண்டுக்கணக்கில் பணியாற்றிய தூத்துக்குடிக் கரையில் வாழும் நாமும் அவரை அறிந்திருத்தல் நலம் என்றெண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முத்துக்குளிப்பு எவ்வாறு நடைபெற்றது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ 12 முதல் 20 கிலோமீட்டர் தொலைவில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் பாறைத் திட்டுகள் உள்ளன. இவற்றையே நம் மக்கள் பார் என்பர். முத்துச்சிப்பி தன் நார்க்கற்றையால் இப்பாரைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்னர் அரசு அதிகாரிகள் பார்களைச் சோதிப்பர். சிப்பிகள் நான்கைந்து வயதை எட்டியிருந்து, மாதிரிக்கு எடுத்த சிப்பிகளில் முத்தும் தேறினால், அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களில் குளிப்பு நடக்கும் என்று அறிவிப்பு வரும். பரதவரும், கீழக்கரை காயல்பட்டினம் முஸ்லிம் குளியாளிகளும் தோணிகளில் திரள்வர். கல்லைக் காலில் மாட்டி இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி அள்ளி வருவர். அள்ளியதில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. எஞ்சிய ஒரு பங்கே உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவருக்கு. இந்தப் பங்கீடு நியாயம்தானா என்பது வேறு விவாதம். அதற்குள் இப்போது நுழையவில்லை.

இதில் பெருந்தொல்லை ஒன்று இருந்தது. சோதனையின்போது நிறைந்து கிடந்த பார், குளிப்புக் காலம் வருமுன் வெறுங்கல்லாகிவிடும். 1889-இல் தூத்துக்குடியில் நடந்த குளிப்பைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். இலங்கைப் பக்கம் 1891-இல் பெருங்குளிப்பு ஒன்று நடந்தது. அதன்பின் 1903 வரை ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள்! குளியாளி வீட்டில் அடுப்பெரியவில்லை. அரசின் கருவூலத்திலும் அந்த வரவு நின்றது. திருக்கை தின்றுவிட்டது என்றனர் சிலர். நீரோட்டம் வாரிக்கொண்டு போயிற்று என்றனர் சிலர். திருட்டுத்தனமாக அள்ளிவிட்டனர் என்றனர் வேறு சிலர். ஒவ்வொருவர் சொல்லிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. எவ்வளவு உண்மை என்று அளந்து சொல்வாரைத்தான் காணோம்.

ஹார்னெல் 1865-இல் பிரிட்டனில் பிறந்தவர். பெரிய பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி தீவில், ஜோசப் சினல் என்பவருடன் சேர்ந்து சிறிய கடலுயிரியல் நிலையம் ஒன்றை நடத்தினார். கடலில் கிடைக்கும் சிற்றுயிர்களைப் பதப்படுத்தி, நுண்ணோக்கியில் பார்ப்பதற்குரிய கண்ணாடித் தகடுகளாகச் செய்து விற்பதும் அங்கு நடந்த தொழில்களுள் ஒன்று. 1893 முதல் கடல் விலங்கியலுக்கும் நுண்ணோக்கியியலுக்குமாக ஓர் இதழையும் வெளியிட்டார். நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு தகட்டைக் கீழே போட்டுவிட்டு மிரண்டு நிற்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன்: அப்படிப்பட்ட தகடுகளைக் கையால் செய்து வயிறு வளர்த்தவர்தாம் பின்னாளில் ஒரு மாகாணத்தின் மீன்துறைக்கே இயக்குநரானார்.

திருப்பம் 1902-இல் வந்தது. முத்துப் பார்கள் ஏன் பொய்க்கின்றன என்று ஆராய, லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் என்பவரை இலங்கை அரசு அழைத்தது. அவர் தமக்கு உதவியாளராக ஹார்னெலை உடனழைத்து வந்தார். சனவரியில் வந்த பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டார். கடலில் தங்கி, பாருக்குப் பார் சென்று, வாரிவலை இழுத்து, குளியாளிகளை இறக்கி, சிப்பிகளை எண்ணி, மீன்களின் வயிற்றைக் கிழித்துப் பார்த்த வேலை ஹார்னெலுடையது. ஆய்வின் முடிவுகளை இலண்டன் ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. ஹெர்ட்மன் அறிக்கை என்றே உலகம் அதனை அழைக்கிறது. உதவியாளர் பெயர் பின்னுக்குப் போவது அன்றும் இருந்த வழக்கமே போலும்.

மீன் வயிற்றைக் கிழித்துப் பார்க்கவா மூன்று வருடப் படிப்பு என்று, நான் விலங்கியல் எடுத்த புதிதில் எங்கள் வாப்பா கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். அன்று விடை சொல்லத் தெரியவில்லை. இந்த வரலாற்றைப் படித்தபின் சொல்ல முடிகிறது: யார் எதைத் தின்கிறார் என்பதைச் சண்டையில்லாமல் தீர்த்துவைக்கக் கூடிய சாட்சி வயிறு ஒன்றுதான்.

அவ்வாறு தேடியதில் முத்துச்சிப்பியின் பகைவர் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. முதலில் நிற்பது திருக்கை. அதிலும் வௌவால் திருக்கை எனும் வகை, ரைனோப்டெரா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது, கூட்டங்கூட்டமாக வரும். அதன் வாயில் பற்கள் தனித்தனியாக இல்லை. அம்மிக்கல் போலத் தட்டையாக அடுக்கப்பட்டிருக்கும். வளர்ந்த சிப்பியையும் ஓட்டோடு நொறுக்கித் தின்ன வல்லது. அடுத்தது கிளாத்தி மீன்; உளி போன்ற பல்லால் சிப்பியைக் கொத்தி உடைக்கும். விளமீன்களும் இளஞ்சிப்பியை விடுவதில்லை. நட்சத்திர மீன் தன் கைகளால் சிப்பியைத் தழுவி, மெல்ல இழுத்துத் திறந்து, உள்ளிருப்பதைக் கரைத்துத் தின்னும். சில நத்தைகள் ஓட்டில் துளையிட்டு உறிஞ்சும். கிளயோனா என்னும் கடற்பஞ்சு ஓட்டையே அரித்துத் தேன்கூடு போலாக்கிவிடும்.

இவற்றையெல்லாம்விடக் கொடியது, பல்லும் நகமும் இல்லாத ஒன்று. சூரன் என்று நம் குளியாளிகள் அழைக்கும் சிறு மட்டியினம் அது. அது சிப்பியைத் தின்பதில்லை, கடிப்பதுமில்லை. பாரின்மேல் பாய் விரித்தாற்போல் நார்ப் பின்னலாகப் படர்ந்து, அடியிலுள்ள குஞ்சுச் சிப்பிகளை மூச்சு முட்டச் செய்து கொன்றுவிடுகிறது. திருக்கை வந்தால் குளியாளிக்குத் தெரியும். பழி சொல்ல ஓர் உருவம் உண்டு. சூரன் அமைதியாக வேலையை முடித்துவிடும்.

பகைவரைப் பட்டியலிட்டதோடு ஹார்னெலும் ஹெர்ட்மனும் நின்றிருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும். திருக்கையைக் கொல், கிளாத்தியைக் கொல், சிப்பி பெருகும் என்று அரசுக்கு எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் இன்னொன்றையும் கண்டனர். இலங்கைப் பக்கம் பெரிய பார் என்று ஒரு பார் உண்டு. ஆழ்கடலின் விளிம்பையொட்டி, தென்மேற்குப் பருவக்காற்றின் முழு வேகத்தையும் தாங்கி நிற்பது. 1880-க்கும் அவர்கள் ஆய்வுக்கும் இடைப்பட்ட காலத்தில் பதினொரு முறையேனும் அங்கே குஞ்சுச் சிப்பிகள் கோடிக்கணக்கில் வந்து படிந்திருக்கின்றன. ஒருமுறைகூடக் குளிப்புக்கு எட்டவில்லை. பருவக்காற்றும் நீரோட்டமும் மணலும் சேர்ந்து வாரிக்கொண்டு போய்விட்டன. அங்கே திருக்கையை எத்தனை கொன்றாலும் பயன் என்ன? எனவே அங்கு விழும் குஞ்சுகளை அள்ளிச் சென்று பாதுகாப்பான பார்களில் இடவேண்டும், பற்றிக்கொள்ளக் கல்லும் பழைய ஓடும் போடவேண்டும், நெருக்கம் மிகுந்த இடத்தில் கலைத்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தனர். நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பிடுங்கி நடும் வேலை போன்றதே இது. அப்படிப் பெயர்த்து இடும் முயற்சிகளும் நடந்தன.

இனித்தான் கதையின் விசித்திரமான கட்டம். முத்து எப்படி உண்டாகிறது? மழைத்துளி சிப்பியில் விழுந்து முத்தாகிறது என்ற பழங்கதையை விட்டுவிடுவோம். ஒட்டுண்ணிப் புழு ஒன்று சிப்பிக்குள் புகுவதால் முத்து விளையலாம் என்று இலங்கையில் கேலார்ட் என்னும் மருத்துவர் 1850-களிலேயே கருதினார். ஹெர்ட்மனும் ஹார்னெலும் சிப்பிகளின் உடலைச் சீவிப் பார்த்தபோது, நாடாப்புழு ஒன்றின் இளநிலைகள் உருண்டை உருண்டையாக ஏராளமாய்த் தென்பட்டன. அந்தப் புழுவைச் சுற்றிச் சிப்பி தன் முத்துப்பொருளைப் பூசிப் புதைப்பதே முத்து என்று முடிவுகட்டினர். அப்படியானால் அந்தப் புழு முழு வளர்ச்சி பெறுவது எங்கே? சிப்பியைத் தின்னும் ஏதோ ஒன்றின் குடலில்தான். தேடினர், வௌவால் திருக்கையின் குடலில் கண்டதாக அறிவித்தனர்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். திருக்கை சிப்பியைத் தின்கிறது. ஆகவே அது குளியாளியின் எதிரி. திருக்கை சிப்பியைத் தின்றால்தான் புழு வளர்ந்து முட்டையிடும். முட்டை கடலில் கலந்தால்தான் மறு தலைமுறைச் சிப்பிக்குள் புழு போகும். புழு போனால்தான் முத்து! ஆகவே திருக்கையை அடியோடு ஒழித்தால் பார் நிறையச் சிப்பி இருக்கும், சிப்பிக்குள் முத்து இராது. கோடிக்கணக்கான வெறுஞ்சிப்பியை அள்ளிவந்து யார் என்ன செய்வது? திருக்கையைக் கொல்வதா, காப்பதா என்று அதிகாரிகள் தலையைச் சொறிந்திருப்பார்கள் என்று நினைக்கையில் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் குளியாளியின் சோறும் அரசின் வருவாயும் அந்த விடையில்தான் தொங்கின.

இக்கொள்கை நிலைக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. லிஸ்டர் ஜேம்சன் என்னும் ஆய்வாளர் 1912-இல் இலங்கை முத்துகளை ஆராய்ந்து, பெரும்பாலானவற்றின் நடுவில் புழுவின் சுவடே இல்லை என்று காட்டினார். சிப்பியின் மேலுறைத் திசு காயம்பட்டோ இடம் பெயர்ந்தோ உள்ளே ஒரு பையாக அமையும்போது அப்பைக்குள் முத்து உருவாகிறது என்பதே பின்னர் நிலைபெற்ற கருத்து. ஒட்டுண்ணி அதற்குரிய காரணங்களில் ஒன்றாகலாம்; ஒரே காரணமன்று. செயற்கை முத்து வளர்ப்பும் இந்த அறிவின்மேலேதான் நிற்கிறது. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி உருண்டையான வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியபோது, திருக்கையும் நாடாப்புழுவும் அங்கே தேவைப்படவில்லை.

ஆனால் எதிரி என்று நாம் முத்திரை குத்திய விலங்கை அகற்றுமுன் அதன் உறவுகளை முழுவதும் தெரிந்துகொண்டோமா என்ற கேள்வி ஜேம்சனால் சாகவில்லை. அதே ரைனோப்டெரா பேரினத்தைச் சேர்ந்த திருக்கை அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் உண்டு. சுறாக்களை மனிதன் பிடித்துத் தீர்த்ததால் திருக்கை பெருகியது, திருக்கை பெருகியதால் அங்குள்ள விசிறிச் சிப்பி அழிந்தது என்று 2007-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. உடனே திருக்கையைத் தின்று வளைகுடாவைக் காப்போம் என்று இயக்கமே நடத்தினார்கள். 2016-இல் வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தனர். இந்தத் திருக்கை ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். அத்தனை விரைவில் அது பெருகியிருக்க முடியாது. சிப்பியின் வீழ்ச்சியும் அதற்கு முன்னரே தொடங்கியது என்று காட்டினர். அதற்குள் ஏராளமான திருக்கைகள் கொல்லப்பட்டு விட்டன.

நிலத்திலும் இதே வழக்கு நடக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்களை 1926-க்குள் கொன்று முடித்தனர். 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டனர். பூங்காவின் வடபகுதியில் சுமார் 19,000 ஆக இருந்த எல்க் என்னும் பெருமான் கூட்டம் 2013-இல் 4,000-க்கும் கீழே இறங்கியது. பூங்காவுக்கு வெளியே எல்க் வேட்டையாடுவோருக்குத் தரப்பட்ட அனுமதிச் சீட்டுகளும் வெகுவாகக் குறைந்தன. வேட்டைக்காரர் ஓநாயைத் திட்டினர். ஆனால் குட்டிகளைத் தின்ற கரடிகளும், மழையற்ற ஆண்டுகளும், வேட்டைத் துப்பாக்கிகளும் அந்தக் கணக்கில் இருந்தன என்று ஆய்வாளர் எடுத்துச் சொல்லினர். ஓநாய்க்கு எத்தனை பங்கு என்பதில் இன்றும் அங்கே வாதம் ஓயவில்லை. எல்க் மானுக்குப் பதில் சிப்பியையும், ஓநாய்க்குப் பதில் திருக்கையையும், வேட்டைக்காரருக்குப் பதில் நம் குளியாளிகளையும் வைத்துப் பார்த்தால், ஹார்னெல் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு மன்னார் வளைகுடாவில் எந்த வழக்கை விசாரித்தார் என்பது விளங்கும்.

மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. மனிதன். ஆய்வுக்குப் பின் இலங்கைப் பார்கள் 1903 முதல் மீண்டும் விளைந்தன. 1905-ஆம் ஆண்டுக் குளிப்பு வரலாறு காணாதது. மரிச்சுக்கட்டி மணல்வெளியில் ஒரு தற்காலிக நகரமே எழுந்தது. தமிழகத்துக் குளியாளிகளோடு அரபு நாட்டாரும் வந்து குவிந்தனர். அந்த ஒரே பருவத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அடுத்த ஆண்டே, 1906-இல், ஒரு கம்பெனி ஆண்டுக்கு மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் வீதம் இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு குளிப்புக்குச் சிப்பியே இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனி மூழ்கிப் போயிற்று. அதிகமாக அள்ளியதுதான் காரணமா, இயற்கையின் ஏற்ற இறக்கமா என்று இன்றும் ஒருமித்த விடை இல்லை. இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எட்டுக் கோடிச் சிப்பியை ஒரே பருவத்தில் தின்னக்கூடிய திருக்கைக் கூட்டம் இருப்பதாக நான் எங்கும் படிக்கவில்லை.

சென்னை அரசு இதற்குள் ஹார்னெலின் திறமையை அறிந்துகொண்டது. நம் பக்கத்துப் பார்களைப் பற்றி அவர் தந்த அறிக்கை 1905-இல் வெளிவந்தது. பரோடா சமஸ்தானத்துக்காகக் கத்தியவார் ஓகா பகுதியின் கடலுயிர்களையும் ஆராய்ந்து எழுதினார். 1907-இல் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாண மீன்துறை தோன்றியது; சில காலத்துக்குள் ஹார்னெல் அதில் சேர்ந்து தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளின் கண்காணிப்பாளராக அமர்ந்தார். அவருடைய வாழ்வின் சிறந்த ஆண்டுகள் இக்கரையில் கழிந்தவை என்றே நான் சொல்லுவேன்.

முத்து கைவிட்டபோது கைகொடுத்தது சங்கு. சங்கைத் தேடி இறங்கியவர்களும் இதே குளியாளிகள்தாம். பிடித்த சங்கை ஒரு வளையத்தில் விட்டுப் பார்ப்பார்கள். இரண்டேகால் அங்குல விட்டத்துக்கும் சிறியதாயின் உயிரோடு கடலிலேயே திருப்பிப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. முத்துக்குளிப்பு பத்து, இருபது ஆண்டுகள் நின்று நின்று நடக்க, சங்குக்குளிப்பு ஏறத்தாழ ஆண்டுதோறும் நடந்ததற்கு இந்த வளையத்துக்கும் ஒரு பங்கு உண்டென்று கொள்ளலாம். இந்தியாவின் புனிதச் சங்கு பற்றி ஹார்னெல் 1914-இல் வெளியிட்ட நூல், சங்கின் பிறப்பு முதல் வங்காளத்து வளையல் கடை வரை அனைத்தையும் பேசுகிறது. கொற்கையில் அறுத்துப் போடப்பட்ட பழஞ்சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்து, வளையல் அறுக்கும் தொழில் ஒருகாலத்தில் தமிழகத்திலேயே நடந்தது என்று அவர் நிறுவினார். பாண்டி நாட்டில் சங்கு அறுத்தவர்களைப் பற்றி இலக்கியம் சொன்னதை மண்ணிலிருந்து எடுத்துக் காட்டியவர் ஒரு விலங்கியலார்! தமிழ்த்துறை நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

1922-இல் மன்னார் வளைகுடா, பாக் நீரிணை முத்துக்குளிப்பின் வரலாற்றை முழுமையாக எழுதினார். பரதவரின் பழைய உரிமைகள், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்து வரிகள், குளியாளிகளின் வழக்கங்கள் என அதில் இல்லாதது குறைவு. கடல்கட்டி என்னும் மந்திரக்காரர் சுறாவின் வாயைக் கட்டிப்போடுவதாக நம்பப்பட்ட வழக்கம் அவற்றுள் ஒன்று. மார்க்கோ போலோ காலத்தில் அவருக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு கூலி. பிற்காலத்தில் ஆங்கில அரசே அவர்களை வைத்துக்கொண்டது. ஏனெனில் கடல்கட்டி இல்லாமல் குளியாளி தண்ணீரில் கால் வைக்கமாட்டான். மூடநம்பிக்கை என்று எளிதில் ஒதுக்கிவிடலாம். மூச்சை அடக்கிப் பத்துப் பாகம் ஆழத்தில் தனியே நின்று பார்த்தவன்தான் அதைச் சொல்ல வேண்டும்.

1918-இல் ஹார்னெல் மாகாண மீன்துறை இயக்குநர் ஆனார். 1924-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்றா சொன்னேன்? அதே ஆண்டில் செயின்ட் ஜார்ஜ் என்னும் கப்பலில் ஆய்வுக் குழுவினரோடு பசிபிக் பெருங்கடலுக்குப் புறப்பட்டுவிட்டார். இங்கிருந்தபோதே கட்டுமரம், தோணி, வள்ளம் ஆகியவற்றின்மேல் அவருக்குப் பெருவிருப்பு உண்டாகியிருந்தது. இந்தியப் படகுகளின் அமைப்பும் தோற்றமும் பற்றி 1920-இல் எழுதினார். அதன் தொடர்ச்சியாகவே ஹாட்டனுடன் சேர்ந்து பசிபிக் தீவுகளின் ஓடங்களைப் பற்றிய பெருநூலை 1936 முதல் 1938 வரை வெளியிட்டார். நீர்வழிப் போக்குவரத்தின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் 1946-இல் கேம்பிரிட்ஜில் அச்சாயிற்று. எண்பது வயதிலும் அவருடைய பேனா ஓயவில்லை. அவர் கொண்ட படகுக் கொள்கைகளில் சிலவற்றைப் பின்வந்தோர் ஏற்கவில்லை, நாடாப்புழுவைப் போலவே. எனினும் அவர் எண்ணி வைத்த எண்களையும் வரைந்து வைத்த படங்களையும் எவரும் விலக்கிவிடவில்லை.

1949-இல் ஹார்னெல் காலமானார். பல நீர்நிலைகளின் மீன்பிடி முறைகளைச் சொல்லும் அவருடைய கடைசி நூல் மறு ஆண்டில் வெளிவந்தது. அதற்குப் பின் ஐந்தாம் ஆண்டில், 1955-இல், தூத்துக்குடிப் பார்கள் மீண்டும் விளைந்தன. 1961 வரை குளிப்பு தொடர்ந்தது. அதுவே இக்கரையின் கடைசிப் பெருங்குளிப்பு. பின்னர் மூச்சுக் கருவி அணிந்து இறங்கிய ஆய்வாளர்கள், தொலாயிரம் பார் முதலிய இடங்களில் சில ஆண்டுகளில் குஞ்சுச் சிப்பிகள் திரளாகப் படிந்திருக்கக் கண்டனர். குளிப்பு வயதை எட்டுமுன் அவை மறைந்துபோயின. பாரின்மேல் பல இடங்களில் சூரன் படர்ந்திருந்தது.